சம்பளச் சிட்டையில் ஒரு வரி

உங்கள் சம்பளச் சிட்டையில் மருத்துவக் காப்புறுதிக்குக் கழிக்கும் வரியைப் பாருங்கள். அரச காப்புறுதியில் இருப்பவருக்குத் தொழில் தருநரும் அதே அளவு கட்டுகிறார். இந்தச் சரிபாதி என்றுமே இருந்ததல்ல.

1883இல் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டப்படி தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கு கட்டினார், முதலாளி ஒரு பங்கு. காப்புறுதி நிதியங்களின் நிர்வாக இடங்களும் அதே விகிதத்தில்தான். தொழிலாளரைச் சமூக ஜனநாயகவாதிகளிடமிருந்து பிரிக்க நினைத்தார் பிஸ்மார்க். அவர்களோ பல நிதியங்களின் நிர்வாகத்திலேயே போய் அமர்ந்துகொண்டார்கள்! பாதிக்குப் பாதி மேற்கு ஜேர்மனியில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே வந்தது.

2005 ஜூலையில் அது குலைந்தது. தொழில் தருநரின் செலவு குறைந்தால் வேலை பெருகும் என்றது ஷ்ரோடர் அரசு. பொதுக் கட்டணத்தில் 0.9 வீதத்தைக் குறைத்து, அதைத் தொழிலாளர் தலையில் மட்டும் தனியாக வைத்தார்கள். 2,500 யூரோ சம்பளத்துக்கு 22.50 யூரோ. அதில் பாதியை முன்பும் நாம்தான் கட்டினோம். ஆகவே மாதம் 11.25 யூரோ நமக்குக் கூடியது, முதலாளிக்கு அதே தொகை மிச்சம். கணக்கெழுதும் எனக்கு இது சீர்திருத்தமாகவே தெரியவில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிய பதிவு, அவ்வளவுதான்.

2011இல் முதலாளியின் பங்கை 7.3 வீதத்தில் நிறுத்தினார்கள். இனிமேல் ஏறுவதெல்லாம் நம் பக்கம் என்றானது. 2019 ஜனவரியில்தான் சரிபாதி திரும்பியது. இடைப்பட்ட பதின்மூன்றரை வருடத்தில் கூடுதலாகக் கட்டியதை எவருக்கும் திருப்பித் தரவில்லை.