அடையாறு முகத்துவாரமும் மன ஆறுதலும்

அடையாறு முகத்துவாரம் என்பது சென்னையின் தென்பகுதியில் அடையாறு வங்கக் கடலில் கலக்கும் இடம். இதன் வடகரையில் மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரமும் பட்டினப்பாக்கமும் உள்ளன. தென்கரையில் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தோப்பும், அதற்குத் தெற்கே பெசன்ட் நகர்க் கடற்கரையும் அமைந்துள்ளன. இறப்பின் துயரையும் குடிநோயையும் எதிர்கொண்ட சிலருடைய வரலாறு இந்தச் சில கிலோமீட்டர் பரப்போடு இணைந்துள்ளது. இங்குள்ள மரங்களும் கடற்கரையும் உயிரினங்களும் மனம் ஆறுவதற்கு எந்த அளவு துணை நின்றன, எங்கே அவை மட்டும் போதாமல் போயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பசுமை எஞ்சிய விதம்

சென்னை வளர்ந்தபோது நீர்நிலைகளும் தோப்புகளும் குறைந்தன. 1920களில் மாம்பலத்தின் பெரிய ஏரி தூர்க்கப்பட்டு அங்கே தியாகராய நகர் உருவானது. அடையாற்றுப் பக்கம் சில இடங்கள் மட்டும் வேறு வேறு காரணங்களால் தப்பின. 1882இல் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆற்றின் தென்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையிடம் ஆக்கினர். அவ்வளாகம் பின்னர் விரிவடைந்தது. அங்குள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் வேரூன்றியிருந்ததால் மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது.

கிண்டியில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய காடு 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டில் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. இவற்றில் எதுவும் நோயாளிகளை மனத்தில் வைத்துக் காக்கப்பட்டதன்று. துயருற்றவர்கள் தாமாகவே இவ்விடங்களைத் தேடிச் சென்றனர்.

ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அடையாற்றுக் கடற்கரையும்

தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி (1895-1986) பத்து வயதில் தாயை இழந்தார். 1909 சனவரியில் அவருடைய தந்தை நாராயணய்யா மகன்களோடு அடையாறு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு கடற்கரையில் நின்ற சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைப் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்டு, உலகிற்கு வழிகாட்டப் போகும் ஆசான் இவனே என்று கருதினார். கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யாவையும் அன்னி பெசன்ட் அம்மையார் வளர்த்தார்.

நித்யா காசநோயால் வாடினார். 1925 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாய் நகரில் அவர் இறந்தார். அப்போது கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்கு வரும் கப்பலில் இருந்தார். சூயஸ் கால்வாய்ப் பகுதியில் தந்தி கிடைத்தது. தம்பி பிழைப்பார் என்று உறுதியாக நம்பியிருந்த அவர் பல நாட்கள் கதறி அழுததாக உடன் பயணித்தவர்கள் குறித்துள்ளனர். 1929இல் தம்மைத் தலைவராகக் கொண்டிருந்த விண்மீன் சங்கத்தை அவர் கலைத்தார். தொடர்ந்து பிரம்மஞான சபையிலிருந்தும் விலகினார்.

பின்னர் சென்னைக்கு வரும்போதெல்லாம் ஆற்றின் வடகரையில் கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விஹாரில் தங்கினார். சபை வளாகத்திற்குள் அவர் ஏறத்தாழ 47 ஆண்டுகள் கால் வைக்கவில்லை. 1980 நவம்பரில் அப்போதைய தலைவர் ராதா பர்னியர் அழைத்ததன் பேரில் உள்ளே சென்றார். தம்பியோடு வளர்ந்த அந்தத் தோப்பு வழியே நடந்து கடற்கரையை அடைந்தார். அதன்பின் சென்னையில் இருந்த நாட்களில் மாலை நடைக்கு அங்கேயே சென்றார். 1986 சனவரியில் கடைசியாக அங்கு நடந்துவிட்டு நாட்டைவிட்டுப் புறப்பட்டார். அடுத்த மாதம் ஒஹாயில் காலமானார்.

அவருடைய நாட்குறிப்புகளில் மரங்களும் பறவைகளும் ஆறும் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆனால் துயரத்தை மறக்க இயற்கையிடம் ஓடும்படி அவர் சொல்லவில்லை. துயரத்தை விட்டு ஓடாமல் அதனோடு இருந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் பேச்சுகளில் அடிக்கடி வரும் கருத்து.

குடிநோய்க்கு ஒரு மருத்துவமனை

துயரத்தைச் செயலாக மாற்றிய இன்னொருவர் சாந்தி ரங்கநாதன். இவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன், முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன். குடிநோய்க்கு ஆளான அவர் 1979இல் இளம் வயதிலேயே இறந்தார். வசதியான குடும்பமாக இருந்தும் தகுந்த சிகிச்சை உள்ளூரில் கிடைக்கவில்லை. குடிப்பதை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பார்த்த காலம் அது.

மறு ஆண்டே, 1980இல், சாந்தி ரங்கநாதன் கணவரின் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடிநோயாளிக்கு மருத்துவமும் ஆலோசனையும் தருவதோடு, அவருடைய குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை தரும் முறையை இம்மருத்துவமனை கடைப்பிடித்தது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் வழங்கப்பட்டன.

பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரும். எனவே முதல் கட்டத்தில் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் தேவை. பூங்காவும் கடற்கரையும் அதற்கு ஈடாகா. வீடு திரும்பிய பிறகு சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. முன்பு குடியில் கழிந்த மாலையும் இரவும் வெறுமையாக நிற்கின்றன. குடிக்கத் தூண்டும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணியக்கூடியது. அந்த நேரத்தைத் தாண்டிச் செல்ல ஒரு வேலையும் ஒரு துணையும் வேண்டும்.

ஆமை நடை

இரவு நேரத்தில் துணையோடு செய்யும் இத்தகைய பணி ஒன்று அடையாற்றுப் பகுதியிலேயே நடைபெற்று வருகிறது. 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைக் காக்கத் தொடங்கினர். 1988இல் மாணவர்கள் கூடிக் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி அப்பணியைத் தொடர்ந்தனர்.

சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இடுகின்றன. தன்னார்வலர்கள் நள்ளிரவு வாக்கில் புறப்பட்டு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் நடக்கின்றனர். கிடைக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். சுமார் 45 நாட்களுக்குப் பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை. தெருவிளக்கைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் போய்விடாமல் தன்னார்வலர்கள் அவற்றைக் கடலில் சேர்க்கின்றனர்.

பாதுகாப்புக்காகத் தொடங்கிய இந்த நடையைச் சிகிச்சை என்று எவரும் அழைக்கவில்லை. ஆயினும் உறக்கம் வராதவருக்கும் தனிமையில் தவிப்பவருக்கும் மிகக் கடினமான நேரம் நள்ளிரவுதான். அந்நேரத்தில் யாரும் பழங்கதை கேட்காமல், பக்கத்தில் நடந்து, ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

ஆய்வும் எல்லையும்

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார. சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலி மருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. இந்த ஆய்வு உடல் நலிவு பற்றியது. குடிநோயும் துயரமும் இதனால் மட்டும் தீரும் என்று இதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது.

இயற்கை எப்போதும் ஆறுதலே தரும் என்றும் சொல்ல முடியாது. 2016 திசம்பரில் வர்தா புயல் நகரின் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கரையோரம் இறந்து ஒதுங்கின. கூடுகளைக் காக்க வந்தவர்கள் அந்தப் பருவத்தில் உடல்களை எண்ண வேண்டியிருந்தது. அதன் பிறகும் அவர்கள் நடையை நிறுத்தவில்லை.

இன்றைய நிலை

முகத்துவாரத்தின் வடகரையில் நெடுங்காலம் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்ட ஓடைப்பகுதி சீரமைக்கப்பட்டு, 2011 சனவரியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பையை அகற்றியதோடு வேலை முடியவில்லை. நீரோட்டத்தைச் சரிசெய்து, நாட்டு மரங்களையும் அலையாத்திச் செடிகளையும் நட்டு, தொடர்ந்து பராமரிக்க வேண்டியிருந்தது. குடியை நிறுத்திய ஒருவருக்கும் நிறுத்திய நாள் தொடக்கம் மட்டுமே. மருத்துவமும் குடும்பமும் தொடர்ந்து துணை நிற்க வேண்டும். அவற்றோடு, மாலையில் நடந்து போய் உட்கார ஒரு மரநிழலும் கடற்கரையும் நடக்கும் தொலைவில் இருப்பது அடையாற்று மக்களுக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. நகரின் மற்ற பகுதிகளில் பலருக்கு இது இன்னும் கிட்டவில்லை.