மரக்காணம் உப்பளக் கடற்கரையும் கியர்பெட்டிப் பராமரிப்பின் வரலாறும்

கியர்பெட்டி என்பது எஞ்சினின் சுழல்விசையைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் சக்கரங்களுக்கு அனுப்பும் பல்சக்கரத் தொகுதியாகும். கிளட்ச், கியர்பெட்டி, புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் ஆகிய நான்கும் சேர்ந்ததே பழைய கார், லாரிகளின் விசைக் கடத்தல் அமைப்பு. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைகளில் இந்த அமைப்பைப் பேணுவது உள்நாட்டைவிடக் கடினம். கியர்பெட்டியின் வடிவம் நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருந்தாலும், ஈரமும் உப்பும் புகாமல் எண்ணெயைக் காப்பது என்ற அடிப்படை வேலை மாறவில்லை.

படகிலிருந்து லாரிக்கு

மரக்காணத்து உப்பு நெடுங்காலம் நீர்வழியே சென்னைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீட்டப்பட்டது. 1876–78 பஞ்சக் காலத்தில் நிவாரணப் பணியாக அதன் இணைப்புப் பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. அதன் தென்முனை மரக்காணம். கால்வாய் தூர்ந்து, சாலைகள் பெருகியபின் உப்பு மூட்டைகள் லாரிக்கு மாறின. படகுக்குத் தேவைப்படாத கிளட்சும் கியரும் அவ்வாறு உப்பளத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன.

இரட்டைக் கிளட்ச் காலம்

1890களில் பிரான்சின் பனார் லெவசோர் நிறுவனம் பரவலாக்கிய நகரும் பல்சக்கரக் கியர்பெட்டியே தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்கு முன்மாதிரி. இதில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு சக்கரங்களின் பற்களை நேரடியாகப் பொருத்த வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பற்கள் உரசி உடையும். எனவே கீழ்க் கியருக்கு இறங்கும் ஓட்டுநர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட்டார். இதுவே 'டபுள் கிளட்ச்'.

1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் அறிமுகமானது. பற்கள் சேரும் முன்பே ஒரு கூம்பு வளையம் உராய்ந்து இரு வேகங்களையும் சமமாக்கியது. ஓட்டுநரின் காலில் இருந்த திறமையின் ஒரு பகுதி பித்தளை வளையத்துக்கு இடம் மாறியது. அந்த வளையம் தேய்ந்தால் மாற்றும் வேலை மெக்கானிக்குக்கு வந்தது.

சில மாடல்கள், பல ஆண்டுகள்

1948-இல் சென்னையை மையமாகக் கொண்டு ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமும், எண்ணூரில் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸும் தொடங்கின. 1950களில் உள்நாட்டிலேயே தயாரிக்கவேண்டும் என்ற அரசின் கொள்கையால் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்தின. அதன்பின் முப்பது ஆண்டுகள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவையே பெரும்பாலும் ஓடின. மூன்றிலும் நான்கு கியர்கள். முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது.

வாங்குபவருக்கு இது குறை. ஆனால் பழுதுபார்க்கும் அறிவு பரவ இதுவே வழிசெய்தது. ஒரே கியர்பெட்டியை ஆண்டுக்கணக்கில் கழற்றிப் பூட்டிய மெக்கானிக், ஓசையைக் கேட்டே பழுதைச் சொன்னார். நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பெட்டி பேரிங். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஓடும்போது கியர் தானாக நழுவினால் தேய்ந்த பல் அல்லது செலக்டர். கிடைக்காத புஷ்களை லேத்துப் பட்டறை கடைந்து தந்தது. பழைய பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருந்தது.

உப்பும் ஈரமும்

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈர உப்பு மூட்டையிலிருந்து வழியும் நீர் சேசிஸின் அடியில் தங்கினால், முதலில் பாதிக்கப்படுபவை யுனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ், கியர் இணைப்புத் தண்டுகள், எண்ணெய் வடிக்கும் போல்ட் ஆகியவை. ஷாஃப்டில் துரு ஏறினால் அதைச் சுற்றியுள்ள ஆயில் சீல் அறுபட்டு எண்ணெய் கசியும்.

மழைக்காலத்தில் வேறொரு சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் உப்பு உற்பத்தி நின்றுவிடும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் கிளட்ச் தகடு ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளக்கூடும். எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழாது. இடையிடையே வண்டியை எடுத்துச் சற்றுத் தூரம் ஓட்டுவதே இதற்கு எளிய தடுப்பு.

வெள்ளத்துக்குப் பின்

கியர்பெட்டிக்கும் டிஃபரென்ஷியலுக்கும் காற்றுப்போக்கி உண்டு. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுப்போக்கி வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே இயக்கக் கூடாது. எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்கவேண்டும். மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். அதை முழுவதும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது ஓட்டியபின் மீண்டும் மாற்றுவது நல்லது. இதற்கு ஆகும் செலவு சில லிட்டர் எண்ணெய். தவறினால் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்து, ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவரின் வருமானமே நின்றுபோகும்.

எண்ணெயின் வகையும் முக்கியம். டிஃபரென்ஷியலுக்கான ஜி.எல்-5 எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் அதிகம். ஜி.எல்-4 கேட்கும் கியர்பெட்டியில் அதை ஊற்றினால் பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் சேதமடையக்கூடும்.

இன்றைய நிலை

1983 இறுதியில் வந்த மாருதி 800-இல் கியர்பெட்டியும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டில் முன்பக்கம் அமைந்தன. புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வேலையில்லாமல் போனது. அதற்குப் பதிலாக, சக்கரத்துக்குச் செல்லும் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து மணலும் உப்பும் புகாமல் பார்ப்பது புதிய கடமையானது. 2014-இல் மாருதி செலேரியோ, கிளட்சைத் தானே இயக்கும் ஏ.எம்.டி. முறையைச் சிறிய கார்களுக்குக் கொண்டுவந்தது. காதால் கண்டறிந்த பழுதை இப்போது ஸ்கேனர் கருவி குறியீடாகக் காட்டுகிறது. மின்சார வண்டியில் பல கியர்கள் தேவையில்லை எனினும், வேகம் குறைக்கும் பல்சக்கரமும் எண்ணெயும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் உண்டு. 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' எனப்படும் எண்ணெயையும் கடலோரத்தில் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. ஆயில் சீல் அறுந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் அந்த உறுதிமொழிக்குப் பொருளில்லை.