செம்பவாங் வெந்நீர் ஊற்று

நேயர்களே, பொழுது புலருமுன் சிராங்கூன் சாலையிலிருந்து புறப்பட்ட நாம், தீவின் வடபகுதியில் செம்பவாங்கிற்கு வந்திருக்கிறோம். நீரின்மீது ஆவி தவழ்கிறது. ஐஸ்லாந்தில் உள்ளதுபோல் வானை நோக்கிப் பீச்சியடிக்கும் ஊற்றன்று இது, அடக்கமாகச் சுரப்பது. பக்கத்தில் எரிமலையும் இல்லை. மழைநீர் நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, கருங்கற்பாறையின் பிளவுகள் வழியே மேலே வருகிறது. சூடு ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ். அவசரப்பட்டுக் காலை வைத்துவிடக் கூடாது!

நகராட்சி அலுவலர் ஒருவர் இதைக் கண்டறிந்தார். நிலத்துக்குரிய சீன வணிகர் சியா எங் கியோங் நீரைப் புட்டிகளில் அடைத்து விற்றார். 1920களில் அது ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சுற்றிலும் தோன்றிய சிற்றூருக்கு மலாயில் கம்போங் ஆயர் பானாஸ், அதாவது வெந்நீர்க் கிராமம், என்றே பெயர். பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. வெந்நீர்க் குளியலில் பெருவிருப்பமுடைய அவர்கள் இங்கே குளியலிடம் கட்டினர். 1944இல் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டினால் ஊற்றின் ஓட்டம் குலைந்தது. ஆயினும் அது வற்றவில்லை.

1985இல் விமானத்தளத்தை விரிவாக்க அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. கிராமமும் அதன் பெயரும் மறைந்தன. ஊற்றுக்கும் வேலி. மக்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு 2002இல் வழி பெற்றனர். 2020இல் பூங்காவாயிற்று. இன்று நீர் தொட்டி தொட்டியாக இறங்கி, கால் நனைக்கும் பதத்துக்கு ஆறுகிறது.

அதோ, ஒரு மூதாட்டி முட்டைகளை வாளி வெந்நீரில் இட்டு மூடுகிறார். நாமும் பக்கத்தில் உட்காருவோம்.