மரத்தளமும் அதைப் பேணிய கைகளும்

பழைய மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் கோபுரங்களையும் தூண்களையும் வளைவுகளையும் விரிவாக வருணிப்பர். அம்மாளிகையில் வாழ்ந்தோர் யாவர், அங்கு நடந்த ஆலோசனைகள் எவை என்பனவும் விடாமல் கூறப்படும். ஆயின் அவர்கள் அனைவரும் நின்ற தரையைப் பற்றி ஒரு வரி எழுதுவோர் அரியர். அத்தரையை நாள்தோறும் துடைத்தவரைப் பற்றி எழுதுவோரோ அவரினும் அரியர். இன்று நாம் மரத்தளத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அதைச் செய்வதற்கு வேண்டிய திறமையைவிட அதைக் காப்பதற்கு வேண்டிய திறமை எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்தும்.

நம் நாட்டின் சமவெளிகளில் மரத்தளம் பெருவழக்காக இருந்ததில்லை. வெப்பம் மிகுந்த இடத்தில் கல்லும் சுண்ணாம்பும் சாணமிட்டு மெழுகிய மண்ணுமே காலுக்கு இதமளிப்பவை. மரத்தளம் சிறந்து விளங்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, மழை மிகுந்த மலையாள நாட்டு இல்லங்களின் மேல் மாடம். மற்றொன்று, குளிர் மிகுந்த இமயமலைச் சாரல். இமாசலப் பிரதேசத்தின் மலைக் கிராமங்களில் தேவதாரு மரத்தையும் கல்லையும் அடுக்கடுக்காக வைத்துச் சுவரெழுப்பி, மாடியில் பலகை பாவி வாழ்வது தொன்றுதொட்டு வந்த முறை. கல் குளிரை ஏற்றுக் காலில் உறைக்கும். மரம் அவ்வாறு செய்யாது. இந்த எளிய உண்மையே மலைநாட்டு மரத்தளத்தின் பிறப்பிற்குக் காரணம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மரங்களை வன்மரம், மென்மரம் என்று தாவர நூலார் பிரிப்பர். அகன்ற இலையுடைய தேக்கு, ஈட்டி, சாலம் முதலியன வன்மரங்கள். ஊசி இலையுடைய தேவதாரு, பைன் ஆகியவை மென்மரங்கள். இப்பிரிவு மரத்தின் குலத்தைப் பொறுத்ததேயன்றிக் கடினத்தைப் பொறுத்ததன்று. நகத்தால் கீறினாலே தடம் பதியும் இலவமும் இக்கணக்கின்படி வன்மரமே! ஆயினும் தளத்திற்கென வரும்போது, தச்சர்கள் பெரிதும் போற்றிய வன்மரம் தேக்கு. அதனுள் இயல்பாகவே ஊறியுள்ள எண்ணெய்ப் பொருள்கள் கறையானைத் தடுக்கின்றன. ஈரத்தால் அது வீங்குவதும் உலர்ந்து சுருங்குவதும் குறைவு. முதலில் கப்பலுக்கும் பின்னர் மாளிகைக்கும் அது விரும்பப்பட்டது இதனாலேயே.

அந்த விருப்பத்திற்குக் காடுகள் கொடுத்த விலை பெரிது. மலபார்க் கரையின் தேக்கு கப்பல் தளங்களுக்கென வெட்டப்பட்டு அருகிய நிலையில், 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். விதை எளிதில் முளைக்கவில்லை. பல முயற்சிகளுக்குப் பின் கன்றுகளை வளர்த்துக் காட்டியவர் அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த சாத்து மேனோன் என்பவர். அத்தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மாவின் பெகு நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்குள்ள தேக்குக் காடுகளைக் கண்காணிக்க 1856இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அமர்த்தப்பட்டார். அவரே 1864இல் இந்தியா முழுவதற்கும் முதல் காட்டுத் துறைத் தலைவரானார். மறு ஆண்டே முதல் வனச்சட்டம் பிறந்தது. காட்டை நம்பி வாழ்ந்த மக்களுடைய வழிவழி உரிமைகள் அதன்பின் படிப்படியாகச் சுருங்கலாயின. மாளிகையின் பளபளக்கும் தளத்திற்கு அடியில் இக்கதையும் மறைந்து கிடக்கிறது.

பர்மாவில் தேக்கை வெட்டும் முறையும் அறியத்தக்கது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆகவே மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே அதை இரண்டு மூன்று ஆண்டுகள் உலர விடுவர். பின்பே அதைச் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, ஆற்று வெள்ளத்தில் மிதக்க விடுவர். ஒரு பலகை தளமாவதற்கு முன் இத்துணைப் பொறுமை அதற்காகச் செலவிடப்பட்டது.

அத்தகைய தேக்கு சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று சிம்லா. 1864 முதல் அது இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. அங்கு 1888இல் வைசிராய் மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. அதை அமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் மைசூரின் புதிய அரண்மனையிலும் நாம் காண்பது இவருடைய கைவண்ணமே. சிம்லா மாளிகையின் மரவேலைகளுக்குப் பர்மாத் தேக்கு வந்தது. உள்ளூர்த் தேவதாருவும் அக்ரூட் மரமும் அதற்குத் துணையாயின. சிம்லாவுக்கு இருப்புப்பாதை வந்தது 1903இல்தான். எனவே அத்தேக்கு முழுவதும் வண்டிப்பாதை வழியே மலையேறி வந்ததாகும்.

இத்தகைய மலைக் கட்டடத்தில் மரத்தளம் எதிர்கொள்ளும் சோதனைகள் பல. பலகை வெட்டப்பட்ட பின்னும் மரம் காற்றோடு உறவை அறுத்துக் கொள்வதில்லை. மழைக்காலத்தில் அது ஈரத்தை உண்டு அகலத்தில் பெருக்கும். குளிர்காலத்தில் கணப்பின் வெம்மையால் உலர்ந்து சுருங்கும். நீளத்தில் இம்மாற்றம் மிகச் சிறிது. அகலத்திலோ பலகை அறுக்கப்பட்ட வாக்கைப் பொறுத்து ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு உண்டாகும். இதை அறிந்த தச்சர் ஒரு பலகையின் விளிம்பில் நாக்கும் அடுத்த பலகையின் விளிம்பில் காடியும் செதுக்கி இரண்டையும் இணைத்தனர். சுவரோரத்தில் சிறிது இடைவெளி விட்டு, அதை ஒரு பட்டியால் மறைத்தனர். தளம் மூச்சு விடுவதற்கு அவர்கள் வைத்த இடம் அது. அந்த இடைவெளியைக் குறை என்று கருதிச் சுண்ணாம்பால் அடைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பலகைகள் நடுவில் எழும்பிவிடும்.

தச்சரின் வேலை இங்கே முடிகிறது. தளத்தைப் பேணுவோரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மரத்தளத்தின் முதற் பகை மணல். மணலிலுள்ள படிகத் துகள் எஃகின் மீதே கீறலிட வல்லது. மரம் அதற்கு எம்மாத்திரம்? செருப்பின் அடியில் ஒட்டி வரும் ஒரு சிட்டிகை மணல் நூறு பேர் காலடியில் உப்புத்தாளாக மாறிவிடும். ஆகையால் முதலில் மென்மையான துடைப்பத்தால் பெருக்குதல், பின்பே துடைத்தல் என்பது மாறாத விதி. பெருக்காமல் துடைப்பது மணலைத் தேய்த்துப் பரப்புவதேயாம்.

இரண்டாவது பகை நீர். வாசலில் வாளி வாளியாக நீர் தெளித்துக் கழுவிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கல்தரைக்கு எது தூய்மையோ அது மரத்தளத்திற்குக் கேடு. இடுக்குகளில் இறங்கிய நீர் பலகையின் அடிப்புறத்தை வீங்கச் செய்யும். விளிம்புகள் மேலெழும்பிப் பலகை கிண்ணம்போல் குழியும். ஆகவே நன்கு பிழிந்த துணியால் மரத்தின் வாக்கிலேயே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பர்.

மூன்றாவதாக மெருகு. தேன்மெழுகைச் சீவி, கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பிலிருந்து தொலைவில் கொண்டுவந்த பிறகே டர்ப்பெண்டைன் கலப்பர். அது விரைவில் தீப்பற்றக் கூடியது. அந்த டர்ப்பெண்டைனோ இமயமலைச் சாரலின் சீர் பைன் மரம் வடிக்கும் பிசினிலிருந்து கிடைப்பது. தளமும் அதன் மருந்தும் ஒரே மலையில் விளைந்தன எனலாம். இந்த மெழுகை மெல்லிதாகப் பூசி, ஆறவிட்டு, கம்பளித் துணியால் நெடுநேரம் தேய்க்க வேண்டும். தடிப்பாகப் பூசினால் பளபளப்புக் கூடாது. வழுக்கலும் அழுக்குமே சேரும். சாராயத்தில் கரைத்த அரக்கு அழகிய மெருகு தருமாயினும், நீர் பட்ட இடத்தில் வெளுத்துப்போகும். நடமாட்டமுள்ள தரைக்கு அது ஏற்றதன்று. ஆளி விதை எண்ணெய் பூசுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உலரும்போது எழும் வெப்பத்தால் அது தானாகவே தீப்பற்றக் கூடும். அதை விரித்து உலர்த்துவதே முறை.

தீயைப் பற்றிய இவ்வெச்சரிக்கை வீணானதன்று. மைசூரில் மரத்தாலான பழைய அரண்மனை 1897இல் எரிந்து போனதனால்தான் இர்வின் அங்கே புதிய அரண்மனையை அமைக்க நேர்ந்தது. சிம்லாவில் 1888க்கு முன்பு வைசிராய்கள் வாழ்ந்த பீட்டர்ஹாஃப் மாளிகை 1981இல் தீக்கிரையாயிற்று. மரக் கட்டடம் முதுமையால் அழிவதைவிடக் கவனக்குறைவால் அழிவதே மிகுதி.

இத்துணை வேலைகளையும் நாள்தோறும் செய்தவர் யார்? அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாம் அடிக்கடி சந்தித்த பதவிப் பெயர்களுள் ஒன்று ‘ஃபராஷ்’ என்பது. அறைகளைத் துடைத்து, தூசி தட்டி, விரிப்பு விரித்து, மேசை நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் ஊழியரின் பெயர் அது. விரித்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்து, பாரசீகம் வழியாக நம் நாட்டிற்கு வந்த சொல். தரையைக் குறிக்கும் ‘ஃபர்ஷ்’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லும் அதே வேரின் கிளையே. அக்பரின் ஆட்சிமுறையை விவரிக்கும் அயினி அக்பரி, கம்பளங்களுக்கும் கூடாரங்களுக்கும் உரிய ‘ஃபராஷ் கானா’ என்னும் தனித் துறையையே குறிப்பிடுகிறது. மொகலாயரின் கூடாரத்திலிருந்து வைசிராயின் மாளிகைக்கும், அங்கிருந்து சுதந்திர இந்தியாவின் அலுவலகத்திற்கும் அப்பெயர் மாறாமல் வந்தது.

1945 ஜூன் மாதம் சிம்லா மாநாட்டிற்குத் தலைவர்கள் வைசிராய் மாளிகையில் கூடினர். மறு ஆண்டு மே மாதம் அமைச்சரவைத் தூதுக் குழுவின் பேச்சும் அங்கே நடந்தது. அவர்கள் பேசியவை பல தொகுதிகளாக அச்சேறியுள்ளன. அவர்கள் எழுந்து சென்ற பின் அறையைப் பெருக்கித் துடைத்து மறுநாளைக்கு ஆயத்தம் செய்தோர் பெயர்கள் அத்தொகுதிகளில் இடம் பெறவில்லை. அம்மாளிகை பின்னர் ராஷ்டிரபதி நிவாஸ் ஆயிற்று. 1965 அக்டோபரில் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே இந்திய உயர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். ஆட்சியாளர் நடந்த கூடங்களில் அறிஞர்கள் நடக்கலாயினர்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2010இல் மத்திய அரசு பியூன், தஃப்தரி, ஃபராஷ், காவலர், தோட்டக்காரர் முதலிய பதவிகளை ஒன்றாக்கிப் பன்முகப் பணியாளர் என்னும் ஒரே பெயரை வழங்கியது. ஊழியரின் ஊதியமும் தகுதியும் அதனால் உயர்ந்தன; அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பழைய பெயருடன் ஒரு தனித் தொழிலின் அறிவும் கலைந்து போகாமல் காப்பது நம் கடமை. எந்த அறையில் எந்தப் பலகை மழைக்கு முன் முனகும், எந்தச் சன்னலின் கீழ் ஈரம் கசியும் என்பதைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒப்பந்தக்காரர் அறியார். நாள்தோறும் குனிந்து துடைத்தவரே அறிவார். அவரிடம் கேட்டு எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன்று பழைய தளத்தை இயந்திரத்தால் இழைத்து, பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பூச்சிட்டுப் புதிதுபோல் ஆக்கிவிட முடிகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் நாக்கிற்கு மேலே இருக்கும் மரம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே. ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் அதில் ஒரு பகுதி தூளாகிப் பறக்கிறது. சில முறைகளுக்குப் பின் இழைப்பதற்கு மரமே எஞ்சாது. துடைப்பமும் உலர்ந்த துணியும் அவ்வாறு எதையும் தின்பதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்வோர் வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டே உட்புக வேண்டும். அதை மரியாதைக்குரிய வழக்கமாக மட்டும் எண்ணுகிறோம். நூற்றாண்டுகள் கடந்த தரைகளை மணலின் கீறலிலிருந்து காப்பதும் அவ்வழக்கமே. பழைமையைக் காக்கப் பெருந்தொகையும் பெரிய திட்டங்களும் வேண்டும் என்பது உண்மை. அவற்றிற்கு முன்னே வேண்டியது காலையில் ஒரு முறை பெருக்கும் கை. அந்தக் கைக்கு உரியவரின் அறிவை மதிக்கும் மனம்.