துப்பாக்கி மைக் வந்த கதை

நான் டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்த காலத்தில், படப்பிடிப்பு முடிந்து பல நாள் கழித்து நடிகர்கள் வந்து, திரையில் தங்கள் உதட்டசைவைப் பார்த்துப் பேசுவார்கள். அன்றைய ஆரிஃப்ளெக்ஸ் கேமரா ஓடும் சத்தத்தில் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவது பெரும்பாடு. டப்பிங்கில் வசனம் சரியாகவே உட்காரும். ஆனால் நடித்தபோது தொண்டை அடைத்ததே, அது திரும்ப வராது.

அதைப் பிடிக்க ஹாலிவுட் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டது. பேசும்படம் வந்த புதிதில் இருந்த மைக்குகள் எல்லாத் திசையிலும் கேட்டன. பக்கத்தில் வைத்தால் படத்தில் தெரியும்; தள்ளி வைத்தால் ஊர்ச்சத்தமும் சேர்ந்து வரும். 1930-களில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் போன்றவர்கள் இதற்குக் குழாய் வழியாகத் தீர்வு தேடினார்கள்.

மைக்குக்கு முன்னால் நீளமான குழாய். அதன் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். நேராக வரும் குரல் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே போகும். பக்கத்துச் சத்தமோ ஒவ்வொரு துளை வழியாகவும் முன்பின்னாக நுழைந்து, தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடும். பார்க்கத் துப்பாக்கிக் குழல் போல இருந்ததால் அந்தப் பெயர்.

இத்தகைய மைக்குக்காக அமெரிக்காவின் எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 1962-ம் ஆண்டுக்கான ஆஸ்கார் தொழில்நுட்ப விருது பெற்றது. ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் சென்ஹைசருக்கு 1987-ம் ஆண்டுக்கான விருது கிடைத்தது. 1970-களில் வந்த அவர் நிறுவனத்தின் எம்.கே.எச். 416 இன்றும் படப்பிடிப்புகளில் இருக்கிறது. தமிழில் 2004-ல் ‘விருமாண்டி’ நேரடி ஒலிப்பதிவில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

குறும்படம் எடுக்கும் என் பேத்தி, "எந்த மைக் தாத்தா வாங்கலாம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

இந்த மைக் தூரத்துக் குரலைக் கிட்டே இழுத்து வராது; பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதையும் கீச்சுச் சத்தத்தில் நன்றாகச் செய்யும். லாரி உறுமலில் அவ்வளவாகச் செய்யாது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 68 செ.மீ.; 416-ன் மொத்த நீளமோ 25 செ.மீ. தான். வெளிப்புறத்தில், காற்றுக்கு உறை போட்டு, பேசுபவரின் தலைக்கு மேல் படத்தில் தெரியாத அளவுக்கு நெருக்கமாகப் பிடித்தால் நன்றாக உழைக்கும். சிறிய அறையில் எதிரொலியும் துளைகளில் நுழைந்து குரலைக் கெடுக்கும். அங்கே குழாய் இல்லாத ஹைப்பர்கார்டியாய்டு மைக்கே நல்லது.

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, படம் எடுக்கப்போகும் அதே இடத்தில், ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.