ஆள் தூக்கும் எடை: அவுட்போர்டு எஞ்சினின் முதல் உற்பத்தியாளர்களும் தமிழ்க் கரைகளும்

தருமபுரி மாவட்டத்தில் காவிரிக்கு இரண்டு முகங்கள். ஒகேனக்கல்லில் அது பாறைகளுக்கிடையே குறுகி ஓடுகிறது. பென்னாகரம் வட்டத்தின் கீழ்ப்பகுதியில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக அகன்று விரிகிறது. ஒகேனக்கல்லில் ஓடுவது பரிசல். நாகமரை, ஒட்டனூர் துறைகளிலிருந்து சேலம் மாவட்டக் கரைக்குப் போகப் பரிசலோடு விசைப்படகும் உண்டு. இந்த வேறுபாட்டிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. எஞ்சின் மாட்டத் தேவையான பின்பலகை அதில் இல்லை. மாட்டினாலும் பாறைத் தளத்தில் புரொப்பல்லர் ஒருநாள்கூடத் தாங்காது. அதன் பெரிய பலம் எடைக்குறைவு: கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு ஓர் ஆள் பாறையேறிவிடலாம். நீர்த்தேக்கத்தின் சிக்கல் வேறு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் கரையே இடம் மாறுகிறது. படகும் எஞ்சினும் கரையின் பின்னால் போக வேண்டியிருக்கிறது. படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றும் அவுட்போர்டு எஞ்சினின் வரலாற்றைக் குதிரைத்திறனின் வளர்ச்சியாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். எடையைக் குறைக்கும் முயற்சியின் வரலாறாக அதை வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் துறைமுகம் இல்லாத நம் கரைகளுக்கு அது வந்த காரணம் புரியும்.

கழற்றி மாட்டக்கூடிய படகு எஞ்சின் என்ற எண்ணம் பாரிசில் பிறந்தது. 1881இல் குஸ்தாவ் துரூவே மின்மோட்டார், சுக்கான், புரொப்பல்லர் மூன்றையும் ஒன்றாக இணைத்து சேன் ஆற்றில் படகு ஓட்டினார். மின்கலங்களின் சுமை அந்த வழியை அப்போதைக்கு அடைத்தது. பெட்ரோல் எஞ்சினை இதே வேலைக்குக் கொண்டுவந்து சந்தையில் விற்றுக் காட்டியவர்களில் முதன்மையானவர் டெட்ராய்ட்டின் கேமரன் வாட்டர்மேன். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டி 1905இல் ஓட்டிப் பார்த்தார். 1907இல் காப்புரிமை பெற்றார்.

ஆனாலும் பெயர் நிலைத்தது ஓலே எவின்ரூடுக்குத்தான். 1877இல் நார்வேயில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்தவர். கோடை நாளில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனதால் எஞ்சின் செய்யும் எண்ணம் வந்தது என்ற கதை அவரைப் பற்றிய எல்லா வரலாறுகளிலும் வரும். அந்தக் கதையைவிட அவர் செய்த தொழிலே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மில்வாக்கியில் அவர் வார்ப்படங்களுக்கு மர அச்சு செய்பவர். எந்த இடத்தில் உலோகம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பது கையிலேயே தெரிந்தவர். 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. சிலிண்டர் படுக்கைவசமாகவும், அதன் சுழல்தண்டு செங்குத்தாகவும், நீருக்கடியில் பற்சக்கரங்கள் வழியாகப் புரொப்பல்லர் திரும்பும்படியும் அமைந்த அந்த வடிவமே இன்றுவரை அடிப்படை.

வணிகத்தைக் கட்டியெழுப்பியவர் அவர் மனைவி பெஸ். துடுப்பைத் தூக்கியெறியச் சொல்லும் விளம்பரம் அவருடையது. கடிதங்கள், கணக்கு, வெளிநாட்டு விற்பனை எல்லாம் அவர் கையில் இருந்தன. ஸ்காண்டிநேவிய மீனவர்கள் தொடக்கத்திலேயே இந்த எஞ்சினைப் பெருமளவில் வாங்கினார்கள். பொழுதுபோக்குப் படகுக்கான கருவி என்று அமெரிக்காவில் கருதப்பட்டது, வடகடல் பக்கம் தொழில் கருவியாகிவிட்டது. பெஸ்ஸின் உடல்நலம் குன்றியதால் 1914இல் நிறுவனத்தில் தங்களுக்கிருந்த பங்கை இருவரும் விற்றார்கள். சில ஆண்டுகளில் அலுமினியத்தில் இரட்டைச் சிலிண்டர் 'எல்ட்டோ'வோடு திரும்பினார்கள். திறன் இரு மடங்கு. எடையோ முன்னதைவிடக் குறைவு. அதே காலத்தில் இண்டியானாவின் ஜான்சன் சகோதரர்கள் 35 பவுண்டு எடையில் இரண்டு குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 16 கிலோவை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

பிறகு நடந்தவை பெரும்பாலும் நிறுவனங்களின் இணைப்பும் முறிவும். 1929இல் எல்ட்டோ, எவின்ரூடு, லாக்வுட் எஞ்சின் நிறுவனங்கள் மூன்றும் ஒரே நிறுவனமாயின. பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடிந்த ஜான்சனும் 1930களின் நடுவில் அதனோடு சேர்ந்தது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் விஸ்கான்சினில் மெர்க்குரி எஞ்சின் நிறுவனத்தின் வேரை ஊன்றினார். ஜப்பானில் தொஹாட்சு 1956இலும், யமஹா 1960இலும், சுசுகி 1965இலும் இத்தொழிலுக்குள் வந்தன.

நம் பக்கம் இதற்கிடையில் நிகழ்ந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1952இல் ஐக்கிய நாடுகள் சபையும் இந்தியாவும் நார்வேயும் செய்த ஒப்பந்தத்தின் வழியே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வந்தது. அது படகுக்குள் பொருத்தும் எஞ்சின். எவின்ரூடின் தாய்நாடு நமக்குக் கொண்டுவந்தது அவருடைய வழியை அல்ல. உள்ளே பொருத்திய எஞ்சின் படகைக் கனமாக்கியது. கனமான படகை மணலில் இழுத்து ஏற்ற முடியாது. அதற்குத் துறைமுகம் வேண்டும். துறைமுகம் இருந்த இடத்தில் இழுவைப்படகுகள் பெருகின. திறந்த மணற்கரையில் கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் கைத்துடுப்போடும் பாயோடும் நின்றுபோனார்கள். பின்னர் இரு தரப்புக்கும் கடலில் மூண்ட மோதல்களுக்கு, மீன்வளம் குறைந்ததைப் போலவே, இந்த எஞ்சின் தேர்வும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மணற்கரைக்காரர்களுக்கு அவுட்போர்டு பரவலாக வந்தது 1980களில். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜில்லே ஒட்டுப்பலகையில் படகு கட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். மூழ்காத கட்டுமரத்தின் இயல்பையும் எஞ்சின் மாட்டும் வசதியையும் சேர்த்து உருவான அந்தப் படகு கொட்டுமரம் எனப்பட்டது. 1980இல் திருவனந்தபுரத்தில் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டுவதோடு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கரையோரக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. இங்கே ஊன்றியவை ஜப்பானிய நிறுவனங்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்களை அவை கொடுத்தன; ஏழை மீனவர் எரிபொருளுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற கணக்கு அந்த வடிவமைப்பிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு மானிய மண்ணெண்ணெயை நம்பியது. ஒதுக்கீடு குறையும்போதெல்லாம் கடலுக்குப் போவதே கேள்விக்குறியாகும் நிலை அன்றிலிருந்து தொடர்கிறது.

சோழமண்டலக் கரை வேறு விடையைக் கண்டது. இத்தாலியின் லொம்பார்டினி நிறுவன வடிவமைப்பில் கிரீவ்ஸ் நிறுவனம் இங்கேயே தயாரித்த சிறு டீசல் எஞ்சினை நீண்ட வால்தண்டோடு ஃபைபர் படகின் பின்புறத்தில் ஏற்றினார்கள். கரைக்கு வரும்போது தண்டைத் தூக்கிக்கொள்ளலாம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளோடு இதுவும் பெருகியது. விவசாயப் பம்புசெட் பழக்கமுள்ள எந்த மெக்கானிக்கும் இதைப் பிரித்துப் பூட்டிவிட முடிகிறது. ஜப்பானிய எஞ்சின்கள் தராத தற்சார்பு இது.

இதற்கிடையே, ஜான்சனும் எவின்ரூடும் சேர்ந்திருந்த அமெரிக்க நிறுவனம் 2000இன் இறுதியில் திவாலானது. எவின்ரூடு பெயரை வாங்கி எஞ்சின் செய்துவந்த கனடா நிறுவனமும் 2020இல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது.