ஒடுங்கிய வாயில்: ஈரிதழ் வால்வுச் சுருக்கமும் இரத்த ஓட்டமும்

முன்னுரை

இதய நோய் என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் நடுவயது ஆணே நம் கண்முன் வருகிறார். ஆனால் சிறுவயதுத் தொண்டைவலியில் தொடங்கி, இளம்பெண்களையே அதிகம் வாட்டும் இதய நோய் ஒன்று உண்டு. அதுவே, இதயத்தின் இடப்பக்க மேலறையான ஆரிக்கிளுக்கும் கீழறையான வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள வால்வு குறுகிப்போகும் ஈரிதழ் வால்வுச் சுருக்கம். இதில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் இதயத் தசை வலுவிழந்ததால் அன்று. இரத்தம் குறுகிய வாயிலைக் கடக்க நேரம் போதாததால்தான். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நோயின் தோற்றம்

‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்த பிள்ளைகளுள் சிலருக்கு, இரண்டு மூன்று வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதில் தாக்கும். முழங்கால், கணுக்கால் என மூட்டுகள் மாறிமாறி வீங்கும். கிருமியை எதிர்க்க எழுந்த தற்காப்பு ஆற்றல், வால்வுத் திசுவையும் பகையாகக் கருதித் தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடின்றி வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்போ தங்கிவிடும். இதழ்கள் தடித்து, அவற்றின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும்.

2. இரத்த ஓட்டத்தில் விளைவுகள்

2.1 நேரக் கணக்கு

நலமான ஈரிதழ் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. அது 1.5 சதுர செ.மீ. அளவுக்குக் குறைந்தால் கடுமையான சுருக்கம். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் இடது வெண்ட்ரிக்கிள் நிரம்பக் கிடைப்பது ஏறத்தாழ 0.5 விநாடி. துடிப்பு 120 ஆனால் முழுச் சுற்றுக்கே 0.5 விநாடிதான், நிரம்பும் நேரம் பாதியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாத பெண், தண்ணீர்க் குடத்துடன் மாடியேறினால் திணறுவது இதனால்தான். கர்ப்பத்தில் இரத்த அளவும் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. அதுவரை மறைந்திருந்த நோய் அப்போது வெளிப்படுகிறது.

2.2 பின்னோக்கிய தேக்கம்

கடக்க முடியாத இரத்தம் இடது ஆரிக்கிளில் தேங்கி, நுரையீரல் நாளங்களில் அழுத்தத்தை ஏற்றுகிறது. நீர் கசிந்து மூச்சுப்பைகளை நனைக்கிறது. ஆண்டுகள் செல்ல, நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பும் வலது வெண்ட்ரிக்கிள் இந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தளர்கிறது. கால் வீங்குகிறது, கல்லீரல் பெருக்கிறது.

2.3 உறைகட்டி

விரிந்த ஆரிக்கிள் ஒழுங்கிழந்து நடுங்கும்போது, தேங்கிய இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

3. கண்டறிதல்

“ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?” என்ற கேள்வி பெருந்துணை. மல்லாந்து படுத்தால் கால்களின் இரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் நெருக்கம் கூடும்; ஆகவே ஒரு தலையணை மூன்றாகியிருந்தால் அது நோயின் குரல். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால், ஸ்டெதஸ்கோப்பில் தாழ்ந்த உருளொலி கேட்கும். எக்கோ பரிசோதனை திறப்பின் அளவையே காட்டிவிடும்.

4. சிகிச்சை

துடிப்பைக் குறைக்கும் மாத்திரை வால்வை விரிப்பதில்லை. ஆயினும் மூச்சுத்திணறலைத் தணிக்கிறது. நேரமே இங்கு மருந்து என்பதற்கு இது சான்று. ஒட்டிய இதழ்களைப் பிரிக்க, லண்டனில் ஹென்றி சூட்டர் 1925-இல் துடிக்கும் இதயத்துள் விரலையே நுழைத்தார். 1982-இல் ஜப்பானின் இனோவே பலூன் முறையைக் கையாண்டார். நெஞ்சைத் திறக்காமல் தொடை நாளம் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கலாம் என்றாயிற்று. வால்வு முற்றிலும் சிதைந்தால் மாற்று வால்வு வேண்டும். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

5. தடுப்பு

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தேவை. வலிக்கு அஞ்சியோ, ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்றோ அதை நிறுத்தினால், அடுத்த தொண்டைப்புண் வால்வின் தழும்பை ஆழமாக்கக்கூடும்.

முடிவுரை

சுருங்கிய வால்வுக்கு முன் இதயத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை விநாடிதான். தொண்டைவலிக்கும் அந்தச் சுருக்கத்துக்கும் இடையே நமக்குக் கிடைப்பதோ பல ஆண்டுகள். பிள்ளையின் மூட்டு வீக்கத்தை ‘வளர்கிற வலி’ என்றும், கர்ப்பிணி படுக்க முடியாமல் திணறுவதை ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்றும் தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டினால், அந்த ஆண்டுகள் வீணாகா.